விழித்திரை விலகல்: ஓரத்தில் மின்னிய நாளிலிருந்து வாயுக்குமிழி கரையும் வரை

ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று பூச்சி பறக்கிறதா? இருட்டில் கண்ணை உருட்டினால் ஓரத்தில் மின்னுகிறதா? ஒரு பக்கமாக நிழல் தட்டுகிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம். கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே கிளம்புங்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்கு உதவாது. வலி இல்லையே, ஞாயிறு கழியட்டும் என்று தோன்றும். விழித்திரையில் வலியை உணரும் நரம்பே கிடையாது. கிழிந்தாலும் வலிக்காது, கழன்றாலும் வலிக்காது. இந்த நோயில் பார்வை போனவர்களில் பலர் வலிக்காத காரணத்தால்தான் காத்திருந்தார்கள்.

கண்ணுக்குள் நடப்பது என்ன

ஊர்ப்பக்கம் இதைக் 'கண் நரம்பு கிழிஞ்சிடுச்சு' என்பார்கள். கிழிவது நரம்பு அல்ல, விழித்திரை. கண்ணின் பின்சுவரில் உள்பக்கமாகப் படர்ந்திருக்கும், கால் மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள படலம் அது. ஒளியைப் பிடித்து மூளைக்கு அனுப்புவது அதன் வேலை. அதன் நடுவில் இருக்கும் மாகுலா என்ற சின்னஞ்சிறு பகுதிதான் எழுத்தைப் படிக்கவும், முகத்தை அடையாளம் காணவும், ஊசியில் நூல் கோக்கவும் உதவுகிறது. 'மாகுலா' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதைப் பற்றியதுதான்.

விழித்திரை பசை போட்டு ஒட்டிய சுவரொட்டி போல இருப்பதில்லை. ஈரத்துணி சுவரில் அப்பிக்கொண்டிருப்பதைப் போலத்தான் இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள நிறமிச் செல்கள் இடைவிடாமல் நீரை உறிஞ்சி வெளியேற்றுகின்றன. அந்த உறிஞ்சலில்தான் அது இடத்தில் நிற்கிறது. உறுதியாகப் பிடித்திருப்பது இரண்டே இடங்களில்: பார்வை நரம்பு வெளியேறும் வட்டத்தைச் சுற்றி ஒன்று, முன்பக்க விளிம்பில் இன்னொன்று.

கண்ணின் உட்குழியை நிரப்பியிருப்பது விட்ரியஸ் எனப்படும் ஜெல், ஏறத்தாழ 4 மில்லி. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் அது தண்ணீர்தான். இளவயதில் நுங்குச் சுளை மாதிரிக் கட்டியாக இருக்கும். வயதாக ஆக உள்ளே தண்ணீர்ப் பைகள் உண்டாகி, ஐம்பதைத் தாண்டியபின் ஒரு நாள் ஜெல் தளர்ந்து சுருங்கி விழித்திரையிலிருந்து கழன்று முன்னால் வந்துவிடுகிறது. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு இது சில ஆண்டுகள் முந்தியே நடக்கும். இது நோயல்ல, முடி நரைப்பது போலத்தான். பெரும்பாலோருக்குச் சேதமில்லாமல் கழன்றுவிடும்.

சிலருக்கு ஏதோ ஓரிடத்தில் ஜெல் விழித்திரையை விடாமல் பிடித்திருக்கும். கழலும்போது அந்த இடம் குதிரை லாடம் போல வளைந்து கிழிந்துவிடும். கிழிசல் வழியாகக் கண்ணின் நீர் பின்னால் புகுந்து விழித்திரையைக் கிளப்பிக்கொண்டே போகும். சுவரில் அப்பியிருந்த ஈரத்துணிக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அதேதான். பின்சுவரின் ரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து பிரிந்த பகுதிக்கு உணவும் ஆக்சிஜனும் சரியாகக் கிடைப்பதில்லை. ஒளியைப் பிடிக்கும் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கும்.

கிழிசல் வேறு, விலகல் வேறு. கிழிசல் மட்டும் இருக்கும்போது வந்தால் வெளிநோயாளியாக உட்கார்ந்த இடத்தில் லேசர் போட்டு அன்றே வீடு திரும்பலாம். நீர் புகுந்து விலகத் தொடங்கிவிட்டால் அறுவை சிகிச்சை. மாகுலாவும் கழன்றுவிட்டால் அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தாலும் பழைய பார்வை முழுதாகத் திரும்புவது அரிது. இந்த மூன்று படிகளுக்கு இடையே சில மணி நேரமும் இருக்கலாம், சில வாரமும் இருக்கலாம். எது உங்களுக்கு என்று கண்ணாடி முன் நின்று கண்டுபிடிக்க முடியாது.

கிழிசல் இல்லாமலும் விழித்திரை விலகும். நெடுநாள் சர்க்கரை நோயில் விழித்திரை மேல் தழும்புச் சவ்வு வளர்ந்து இழுத்துக் கிளப்பும். அது மெதுவாக நடக்கும், மின்னலோ பூச்சியோ தெரியாமலும் போகலாம். இன்னொரு வகையில் அழற்சி, கட்டி, கர்ப்பகாலத்தில் கடுமையாக ஏறும் ரத்த அழுத்தம் போன்றவற்றால் பின்னாலிருந்து நீர் கசிந்து மேடாகும். அதற்கு மூல நோய்க்குத்தான் வைத்தியம், பெரும்பாலும் கத்தி தேவைப்படாது. இனி இங்கே சொல்லப்போவது கிழிசலால் வரும் விலகலைப் பற்றி. சட்டென்று வருவதும் அதிகம் காணப்படுவதும் அதுதான்.

யாருக்கு வரும்

பொதுவாக ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. மைனஸ் 6-க்கு மேல் பவர் உள்ளவர்களுக்குக் கண் நீண்டு விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். லேசிக் செய்து கண்ணாடியைக் கழற்றிவிட்டாலும் அந்த நீளம் குறைவதில்லை. கண்ணாடி போனதால் ஆபத்தும் போய்விட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், அதிலும் அறுவையின்போது லென்ஸைத் தாங்கும் பையின் பின்சுவர் கிழிந்தவர்கள், அடுத்த வரிசை. பந்து, பட்டாசு, கிட்டிப்புள், விபத்து எதனாலாவது கண்ணில் பலமாக அடிபட்டவர்களுக்கு மாதங்கள் கழித்தும் வரலாம். ஒரு கண்ணில் ஏற்கெனவே வந்திருந்தால் மறு கண்ணிலும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தாலும் சொல்ல வேண்டும்.

லேட்டிஸ் என்ற சொல் சிலருடைய ரிப்போர்ட்டில் இருக்கும். விழித்திரையின் ஓரத்தில் வலைபோல் மெலிந்த திட்டுகள் அவை. நூறில் எட்டுப் பேருக்கு இருக்கக்கூடியது. அவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க எதுவும் ஆவதில்லை. லேட்டிஸ் என்றதுமே லேசர் போட்டாக வேண்டும் என்பதில்லை. மறு கண்ணில் விலகல் வந்திருக்கிறதா, அறிகுறி இருக்கிறதா, குடும்பத்தில் உண்டா என்பதைப் பார்த்து முடிவு செய்வது. யாராவது அவசரப்படுத்தினால் இந்த மூன்றையும் கேளுங்கள்.

அறிகுறியைப் பிரித்தறிவது

பல ஆண்டுகளாக ஒன்றிரண்டு நூலிழைகள் வெள்ளைச் சுவரைப் பார்க்கும்போது மட்டும் மிதந்தால் பயப்பட ஒன்றுமில்லை. புதிதாக, ஒரே கண்ணில், ஒரே நாளில் வருவதுதான் கவனிக்க வேண்டியது. மிளகைத் தூவியது போலக் கரும்புள்ளிகள் கொத்தாக வந்தால், அல்லது புகை சுழல்வது போல இருந்தால், கிழிசலோடு ஒரு ரத்தக்குழாயும் அறுந்து ரத்தம் கசிந்திருக்கலாம். இந்த வகைதான் கிழிசலுக்கு வலுவான அடையாளம்.

மின்னலில் இரண்டு வகை உண்டு. ஜெல் விழித்திரையை இழுப்பதால் வருவது ஒரு கண்ணில், கண்ணின் வெளி ஓரத்தில், ஒரு நொடிக்குள் வில் போல வெட்டி மறையும். இருட்டில் கண்ணை அசைக்கும்போது நன்றாகத் தெரியும். ஒற்றைத் தலைவலிக்கு முன் வருவது வேறு: பல்வரிசை போல வளைந்து நெளிந்த ஒளிக்கோடு, இரண்டு கண்ணிலும், இருபது முப்பது நிமிடம் மெல்லப் பரவி அடங்கும்.

கடைசி அறிகுறி நிழல். திரை இறங்குவது போல, அல்லது கீழிருந்து தண்ணீர் ஏறுவது போல இருக்கும். கண்ணுக்குள் படம் தலைகீழாக விழுவதால் நிழல் தெரியும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில்தான் விலகல் இருக்கும். நிழல் கீழே தெரிந்தால் விழித்திரையின் மேல்பகுதி கழன்றிருக்கிறது. அதுதான் அதிக அவசரம். புகுந்த நீர் புவியீர்ப்பில் கீழே இறங்கி மாகுலாவை நோக்கி வேகமாக வரும்.

வீட்டில் சோதிப்பது இப்படி. சுவரில் தொங்கும் தினசரி காலண்டருக்கு நேராக இரண்டடி தள்ளி நில்லுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், அழுத்த வேண்டாம். திறந்த கண்ணால் தேதி எண்ணையே பார்த்துக்கொண்டு, காலண்டரின் நான்கு மூலையும் அதைத் தாண்டிய சுவரும் மங்காமல் தெரிகிறதா என்று பாருங்கள். காலண்டரின் ஓரக்கோடு நெளிந்து தெரிகிறதா என்றும் பாருங்கள். பிறகு மறு கண். இரண்டு கண்ணையும் சேர்த்துத் திறந்து பார்த்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். பலர் தற்செயலாக ஒரு கண்ணைக் கசக்கும்போதுதான் மறு கண்ணில் பாதி தெரியவில்லை என்று கண்டுபிடிக்கிறார்கள். இந்தச் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தாலும் கிழிசல் இல்லை என்று ஆகாது. கிழிசல் மட்டும் இருக்கும் கட்டத்தில் பார்வை தெளிவாகவே இருக்கும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து, இவை எதுவும் விழித்திரையைத் தொடக்கூடப் போவதில்லை. நாளைத்தான் தின்னும்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள்

கூட ஒருவரை அழைத்துப் போங்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டபின் நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் படிக்க முடியாது, வெயில் கூசும், வண்டி ஓட்டக் கூடாது. பழைய கண்ணாடிச் சீட்டு, கண்புரை அறுவை செய்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் தாள், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை அன்றே அறுவை என்றால் பயன்படும் என்பதால் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டோக்கன் வாங்கும் இடத்திலேயே 'நேற்றிலிருந்து ஒரு கண்ணில் நிழல்' என்று சொல்லிவிடுங்கள். 'கண் மங்கல்' என்று மட்டும் சொன்னால் கண்ணாடி வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

மருத்துவர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, உங்களைப் படுக்க வைத்துப் பார்ப்பார். கண்ணின் ஓரத்தை மழுங்கிய கருவியால் மெல்ல அழுத்துவார். கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், ஆனால் ஓரத்துக் கிழிசல் அப்படித்தான் கண்ணில் படும். அழுத்தாமலே 'ஒன்றுமில்லை' என்று அனுப்பினால், ஓரம் முழுக்கப் பார்த்தீர்களா என்று கேட்பதில் தவறில்லை. இந்தத் தலைவிளக்குக் கருவியை இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி உருவாக்கியவர் பெல்ஜியத்தில் பிறந்த சார்லஸ் ஷெப்பன்ஸ். பின்னாளில் பாஸ்டனில் அவரிடம் பயின்றவர்களில் ஒருவர்தான் 1978-இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கிய டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத்.

கண்ணுக்குள் ரத்தம் நிறைந்தோ புரை முற்றியோ பின்பக்கம் தெரியவில்லை என்றால் மூடிய இமையின் மேல் ஸ்கேன் வைத்துப் பார்ப்பார்கள். மாகுலா தப்பியதா என்பதில் சந்தேகம் இருந்தால் ஓசிடி, அதாவது விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஒளி ஸ்கேன், எடுப்பார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை: மாகுலா ஒட்டியிருக்கிறதா, கழன்றுவிட்டதா? கழன்றிருந்தால் எத்தனை நாளாக இருக்கும்? கிழிசல் எங்கே, எத்தனை? மாகுலா இன்னும் ஒட்டியிருந்தால் அன்றோ மறுநாளோ அறுவை செய்வதுதான் முறை. கழன்று ஓரிரு நாள் ஆகியிருந்தாலும் சில நாட்களுக்குள், தாமதித்தால் ஒரு வாரத்துக்குள் செய்ய வேண்டும். 'அடுத்த மாதம் தேதி தருகிறோம்' என்றால் வேறு இடம் பாருங்கள். மதுரை, கோவை, சென்னை போன்ற ஊர்களில் அரசு, அறக்கட்டளை, தனியார் என்று விழித்திரைப் பிரிவுகள் உண்டு. எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819-இலிருந்து நடந்து வருகிறது. இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு தேசிய கண் மருத்துவமனை இருக்கிறது.

ஜெல் மட்டும் கழன்றிருக்கிறது, கிழிசல் இல்லை என்று சொன்னால் நிம்மதியாக வரலாம். ஆனால் நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக மின்னலும் பூச்சியும் வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கிழிசல் இருக்கும், சிலருக்கு அது தாமதமாக உண்டாகும்.

அறுவைக்குக் காத்திருக்கும் இரவில் எந்தப் பக்கம் படுப்பது என்பதும் வைத்தியம்தான். விலகிய பகுதி கீழே வரும்படி படுத்தால் நீர் அங்கேயே தேங்கும், மாகுலா பக்கம் வராது. மேல்பகுதி விலகியிருந்தால் தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

எந்தச் சிகிச்சை, ஏன்

எல்லாச் சிகிச்சைக்கும் அடிப்படை ஒன்றுதான்: கிழிசலைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும் இந்த உண்மையை 1920-களில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனின் நிறுவும்வரை, விலகிய விழித்திரை என்றாலே பார்வை போனதுதான் என்று விட்டுவிடுவார்கள்.

கிழிசல் மட்டும் என்றால் லேசர். கிழிசலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசையாகச் சின்னச் சின்னச் சூடு வைப்பார்கள், வயலுக்கு வரப்புக் கட்டுவது போல. அந்தச் சூடு தழும்பாகி விழித்திரையைச் சுவரோடு பிடித்துக்கொள்ள ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை வரப்பு ஈரமாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரம் தூக்குவது, ஓட்டம், கபடி எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். லேசர் போட்டதும் மின்னல் நின்றுவிடாது, ஜெல் இழுப்பது தொடரும்வரை இருக்கும். நிழல் வந்தால் மட்டும் அன்றே ஓடுங்கள். லேசர் எட்டாத ஓரத்துக்கு வெளியிலிருந்து உறைய வைக்கும் க்ரையோ கைகொடுக்கும்.

விலகிவிட்டால் மூன்று வழிகள் இருக்கின்றன. கிழிசல் ஒன்றிரண்டு மட்டும், சிறியது, கண்ணின் மேல் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்கிறது என்றால் ஊசி வழியே அரை மில்லிக்கும் குறைவான வாயுவைச் செலுத்திவிட்டு, குமிழி கிழிசலை அடைக்கும்படி தலையை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். லேசரோ க்ரையோவோ கூடவே இருக்கும். ஆபரேஷன் தியேட்டர் தேவைப்படாமலும் முடியும். ஆனால் முதல் முறையிலேயே ஒட்டும் வாய்ப்பு மற்ற இரண்டையும்விடக் குறைவு, தலையைச் சரியாக வைத்துக்கொள்ளக்கூடியவருக்கே பொருந்தும்.

இரண்டாவது பக்கிள். கண்ணின் வெளிச்சுவர் மேல் சிலிக்கான் பட்டையை வைத்துத் தைத்து, சுவரை உள்பக்கமாக அமுக்கி விழித்திரையைத் தொடவைப்பது. அரைஞாண் கயிறு போலக் கண்ணைச் சுற்றியே கட்டுவதும் உண்டு. இளவயதுக்காரர்கள், ஜெல் இன்னும் கழலாதவர்கள், ஓரத்து ஓட்டைகள் உள்ளவர்கள் இதற்கு ஏற்றவர்கள். பட்டை வாழ்நாள் முழுக்க உள்ளேயே இருக்கும், வெளியே தெரியாது. கண் சற்று நீள்வதால் மைனஸ் பவர் கூடும். சிலருக்குக் கொஞ்ச நாள் இரட்டையாகத் தெரியும்.

மூன்றாவது விட்ரெக்டமி, இன்று அதிகம் செய்யப்படுவது. 1970-களின் தொடக்கத்தில் மயாமியில் ராபர்ட் மாகெமர் தொடங்கிவைத்த முறை. கருவிழியின் விளிம்பிலிருந்து மூன்றரை, நாலு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளை விழியில் மூன்று துளை, ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் அளவு. ஒன்றில் திரவம் ஓடும், ஒன்றில் விளக்கு, ஒன்றில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டும் கருவி. இழுக்கும் ஜெல்லை வெட்டி உறிஞ்சி, பின்னால் தேங்கிய நீரை வடித்து, விழித்திரையைப் படியவைத்து, கிழிசலைச் சுற்றி லேசர் போட்டு, கடைசியில் கண்ணை வாயுவாலோ சிலிக்கான் எண்ணெயாலோ நிரப்புவார்கள். கண்ணை வெளியே எடுத்து வைத்துச் செய்வார்கள் என்பது கதை. தானம் கிடைத்த கண்ணிலிருந்து விழித்திரையை மாற்றி வைக்கவும் முடியாது, தானக் கண்ணில் பயன்படுவது பெரும்பாலும் கருவிழிதான்.

வாயுவா எண்ணெயா என்பதை முன்கூட்டியே கேளுங்கள், வீட்டு ஏற்பாடு அதைப் பொறுத்தது. எஸ்எஃப்6 வாயு ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கரையும். சி3எஃப்8 ஆறிலிருந்து எட்டு வாரம் நிற்கும். இரண்டும் தானே கரைந்துவிடும், எடுக்க வேண்டாம். எண்ணெய் தானே போகாது. மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் இன்னோர் அறுவையில் எடுக்க வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் எண்ணெய் துளித்துளியாகச் சிதறி கண் அழுத்தத்தை ஏற்றும், கருவிழியையும் கெடுக்கும். நன்றாகத் தெரிகிறதே என்று எண்ணெயோடு ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு வருபவர்கள் குறைவில்லை.

அறுவையன்று காலையில் தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள். அப்புறம் இரண்டு வாரத்துக்கு அந்த வாய்ப்புக் கிடைக்காது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், சொல்லிவிட்டு அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டு, விழித்திருக்கும்போதே ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். இருமல் வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், சட்டென்று தலையை அசைக்காதீர்கள்.

வீட்டில் இரண்டு வாரம்

அறுவை தியேட்டரில் பாதி, வீட்டில் பாதி. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எப்படிச் சாய்த்தாலும் குமிழி மேலேதான் ஓடும். கண்ணுக்குள் இருக்கும் வாயுவும் அப்படித்தான். குமிழி கிழிசலை அடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால் கிழிசல் உள்ள இடம் மேலே வர வேண்டும். கிழிசல் மேலே என்றால் நிமிர்ந்து உட்காரலாம். வலப்பக்கம் என்றால் இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்க வேண்டும். மாகுலா கழன்றிருந்தாலோ கண்ணின் பின்பக்கத்தில் பிரச்சினை இருந்தாலோ குப்புற. கிழிசல் எந்தப் பக்கமானாலும் வாயு இருக்கும்வரை மல்லாந்து படுப்பது மட்டும் கூடாது. குமிழி முன்னால் வந்து லென்ஸைத் தொட்டுப் புரையை உண்டாக்கும், அழுத்தத்தையும் ஏற்றும்.

குப்புற இருக்கச் சொன்னால் முகம் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், வயிறு அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து மேசை மேல் நெற்றியை வைத்தாலும் கணக்குத்தான். படுப்பதற்குப் பழைய வேட்டியை முறுக்கிச் சும்மாடு செய்யுங்கள், தலையில் பாரம் சுமக்க வைப்பதைவிடச் சற்றுப் பெரிதாக, இரண்டு கை தடிமனில். நெற்றியும் கன்ன எலும்பும் அதன்மேல் பதிய, மூக்கும் கண்ணும் நடுத்துளையில் வர வேண்டும். கண் மேல் துணி படக் கூடாது. மார்புக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் கழுத்து வலி பாதியாகும். மணிக்கு ஐம்பது நிமிடம் அப்படி, பத்து நிமிடம் சாப்பாடு, கழிவறை, கை கால் நீட்டல் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர், மோரைக் குழல் போட்டுக் குடியுங்கள். போனைத் தரையில் வைத்துப் பாட்டுக் கேளுங்கள். காலை ஆட்டிக்கொண்டே இருங்கள், ரத்தம் கட்டாது. எத்தனை நாள் என்பது கிழிசலைப் பொறுத்தது, பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து பத்து நாள் வரை. தூக்கத்தில் புரண்டுவிட்டால் பதற வேண்டாம், விழித்ததும் திரும்பிக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்து விடுபவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கீழிமையை இழுத்து ஒரு சொட்டு, குப்பியின் முனை இமையில் படாமல். அடுத்த மருந்துக்கு ஐந்திலிருந்து பத்து நிமிடம் இடைவெளி, இல்லாவிட்டால் முன்னதை இது கழுவிவிடும். ஸ்டீராய்டு சொட்டைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். கண் வெளுத்துவிட்டது என்று சட்டென நிறுத்தாதீர்கள், தீர்ந்த பின்னும் வாங்கி விட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டாம், சிலருக்கு அதனால் கண் அழுத்தம் ஏறும். குளியல் கழுத்துக்குக் கீழே. இரவில் பிளாஸ்டிக் கவசம்.

வாயு உள்ளே இருக்கும்வரை விமானம் கூடாது. மேலே போனால் வெளி அழுத்தம் குறைந்து வாயு விரியும், கண் அழுத்தம் எகிறிப் பார்வை நரம்பையே கொல்லும். நம்மூரில் மறந்துபோவது மலைப்பாதை. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100-க்கு மேல். கோவையில் அறுவை செய்துகொண்ட ஊட்டிக்காரர் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறினால் விமானம் ஏறியதற்குச் சமம். வாயு கரையும்வரை சமவெளியில் தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நுவரெலியாக்காரர்களுக்கும் இதே விதிதான். எண்ணெய் நிரப்பியவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இன்னொரு ஆபத்து, இடையில் வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால். நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தால் அது கண்ணிலுள்ள குமிழிக்குள் புகுந்து ஊதிவிடும். அதனால்தான் மணிக்கட்டில் எச்சரிக்கைப் பட்டை கட்டி அனுப்புவார்கள். கட்டாவிட்டால் கேட்டு வாங்குங்கள், பல் பிடுங்கப் போனாலும் காட்டுங்கள்.

எது தப்பாகப் போகும்

முதல் இரண்டு நாள் உறுத்தலும் சிவப்பும் நீர் வடிதலும் இருக்கும், பாராசிட்டமாலில் அடங்கும். அடங்காமல் வலி ஏறி, தலைவலியோடு வாந்தியும் வந்தால் அழுத்தம் ஏறியிருக்கிறது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வயிற்றுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால் கண் போய்விடும். வலியும் சீழும் பார்வைக் குறைவும் சேர்ந்தால் கிருமித்தொற்று. அரிது, ஆனால் மணிக்கணக்கில் கெடுக்கும். இரண்டுக்கும் நடுராத்திரியானாலும் போக வேண்டும்.

முதல் அறுவையிலேயே ஒட்டிக்கொள்வது நூற்றுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு பேருக்கு. மற்றவர்களில் பலருக்குக் காரணம் தழும்பு. கிழிசல் வழியே வெளியேறிய நிறமிச் செல்கள் விழித்திரையின் மேல் படிந்து சவ்வாக வளர்ந்து சுருங்கும், காய்ந்த இலை சுருள்வது போல விழித்திரையைச் சுருட்டிவிடும். அறுவைக்குப் பின் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் இது தலைகாட்டும். நாள் கடந்து வந்த விலகல்களில் அதிகம். மறு அறுவை வேண்டியிருக்கும், அப்போது பெரும்பாலும் எண்ணெய்தான். முதல் டாக்டர் சரியாகச் செய்யவில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம், புண் ஆறும் வழியே இங்கே எதிரியாகிறது.

ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விட்ரெக்டமி முடிந்து ஓரிரு ஆண்டுக்குள் புரை வளர்வது ஏறக்குறைய நிச்சயம். அதற்குத் தனியாக ஓர் அறுவையும் செலவும் வரும் என்று இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்வை எப்படித் திரும்பும்

வாயு நிறைந்த கண்ணில் கையசைவு மட்டும் தெரியும், தண்ணீருக்கடியில் கண் திறந்தது போல. கண் போய்விட்டது என்று அழுபவர்கள் உண்டு. ஒரு வாரம் பத்து நாளில் மேலே ஒரு பிறை போலத் தெளிவு தெரியும். அதன் கீழே தண்ணீர் மட்டம் மாதிரி ஒரு கோடு, தலையை ஆட்டினால் தளும்பும். வாயு கண்ணின் மேல்பக்கம் இருந்தாலும் படம் தலைகீழ் என்பதால் உங்களுக்குக் கீழேதான் தெரியும். கோடு நாளுக்கு நாள் இறங்கும், கடைசியில் உருண்டையாகி நாலைந்து குட்டிக் குமிழிகளாகச் சிதறினாலும் சிதறும். எண்ணெய் என்றால் தெளிவு முன்னதாக வரும், ஆனால் பிளஸ் பவர் கூடிவிடும், அது எண்ணெயை எடுக்கும்வரைதான். அதற்குள் விலையுயர்ந்த கண்ணாடி செய்துகொள்ள வேண்டாம்.

மாகுலா தப்பியவர்களுக்குப் பெரும்பாலும் பழைய பார்வைக்குப் பக்கத்தில் வரும். மாகுலா கழன்றவர்களுக்கு மூன்றிலிருந்து ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டுவரை மெல்ல மெல்ல ஏறும். வாசல் நிலை நெளிந்து தெரிவது, அந்தக் கண்ணில் எழுத்து சிறுத்துத் தெரிவது, நிறம் வெளிறித் தெரிவது எல்லாம் கொஞ்சம் மிஞ்சலாம். புதுக் கண்ணாடிக்கு மூன்று மாதமாவது பொறுங்கள்.

மேசை வேலை என்றால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பலாம். மூட்டை தூக்குபவர், கட்டட வேலைக்காரர், டிரைவர் ஆகியோர் டாக்டரிடம் வேலையைச் சொல்லித் தேதி கேட்க வேண்டும். ஒரு கண் பழகும்வரை தூரம் தெரியாது, டம்ளருக்கு வெளியே காபி ஊற்றும், படிக்கட்டின் கடைசிப் படி ஏமாற்றும். சிரசாசனம், குத்துச்சண்டை, ஸ்கூபா பற்றித் தனியாகக் கேளுங்கள்.

ஒவ்வொரு முறை போகும்போதும் மறு கண்ணுக்கும் மருந்து விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கிழிசல் இருந்தால் லேசரோடு முடியும். மணிக்கட்டுப் பட்டையைக் குமிழி தெரியவில்லை என்று நீங்களாக அறுக்க வேண்டாம். ஓரத்தில் ஒரு துணுக்கு வாயு மிஞ்சியிருக்கலாம். டாக்டர் மருந்து விட்டுப் பார்த்து, போய்விட்டது என்று சொன்னபிறகு கத்தரியுங்கள்; ஊட்டி பஸ்ஸும் அதற்குப் பிறகுதான்.